பாட்டும் வரலாறும்: மலையகத் தொழிலாளர் பாடல் மரபும் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழுவும்

1

எழுதப்பட்ட ஆவணங்களே வரலாற்றின் முதன்மையான மூலங்கள் என்னும் கருத்து நம்மிடையே ஆழமாக வேரூன்றியுள்ளது. ஆனால் எழுதும் கருவியும் எழுதியதைப் பேணிக்காக்கும் நிறுவனமும் எல்லா வர்க்கத்தினரிடமும் ஒரே அளவில் இருந்ததில்லை. இலங்கையின் பெருந்தோட்டங்களைப் பற்றி நமக்குக் கிடைப்பவை துரைமாரின் நினைவுக் குறிப்புகள், ஆளுநர்களின் கடிதங்கள், கச்சேரி அறிக்கைகள், தோட்டக் கணக்கேடுகள் என்பனவாகும். இவற்றிலே தொழிலாளி ஓர் எண்ணாகவே இடம்பெறுகின்றான். அவன் தன்னைப் பற்றிக் கூறியது பெரும்பாலும் பாட்டாகவே எஞ்சியுள்ளது. ஆகவே, பாட்டை வரலாற்று மூலமாகக் கொள்வது எங்ஙனம், அம்மூலத்தின் வலிமையும் எல்லையும் யாவை என்னும் வினாக்கள் இலக்கிய ஆய்வாளர்க்கும் வரலாற்று மாணவர்க்கும் ஒருங்கே உரியனவாகின்றன.

இவ்வினாக்களை இப்போது எழுப்புவதற்கு ஓர் உடனடிக் காரணமும் உண்டு. 2021 மார்ச்சில் வெளியான ‘என்ஜாய் எஞ்சாமி’ என்னும் பாடல் சில மாதங்களுக்குள் தமிழ் பேசும் உலகெங்கும் பரவிற்று. தெஹிவளையிலும் வெள்ளவத்தையிலும் கடைகளிலே, முச்சக்கர வண்டிகளிலே, திருமண மண்டபங்களிலே அது ஒலித்தது. இளைஞர் அதற்கு ஆடினர். அப்பாடலை எழுதிப் பாடியோருள் ஒருவரான அறிவு, தம் பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துத் தமிழகத்துக்குத் திரும்பியவர் என்பதையும், அவரது நினைவுகளிலிருந்தே பாடல் பிறந்ததென்பதையும் வெளிப்படையாகக் கூறியுள்ளார். கொழும்பிலே அதற்கு ஆடியவர்களில் எத்தனை பேர் அது தம் சொந்த நாட்டின் வரலாறு என்பதை உணர்ந்திருந்தனர்? இவ்வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

2

அறியப்படாத வரலாற்றைப் பாட்டில் வைப்பது தமிழுக்குப் புதிதன்று. பாணர் மரபின் வாய்மொழி இயல்பைப் பேராசிரியர் க. கைலாசபதி தமது வீரயுகக் கவிதை பற்றிய நூலில் (1968) விரிவாக ஆராய்ந்தார். தமிழகத்திலே நா. வானமாமலை நாட்டார் பாடல்களையும் கதைப்பாடல்களையும் தொகுத்து, அரசவைப் புலவர்கள் பாடாது விட்டவற்றை மக்கள் பாடிவைத்தனர் என்பதை நிறுவினார். கட்டபொம்மனும் கான்சாகிபும் கதைப்பாடல்களிலே வாழ்ந்தனர். ஆயினும் இவ்விரு மரபுகளிலும் பாட்டுடைத் தலைவன் அரசனாகவோ பாளையக்காரனாகவோ படைத்தலைவனாகவோ இருந்தான் என்பது மனங்கொள்ளத்தக்கது. கூலி உழைப்பாளி பாட்டின் தலைவனாவதற்கு முதலாளித்துவ உற்பத்தி உறவுகள் தோன்ற வேண்டியிருந்தது.

இலங்கையில் அவ்வுறவுகள் கோப்பியோடு வந்தன. 1820களில் தொடங்கிய கோப்பிப் பயிர்ச்செய்கை, தென்னிந்தியாவின் வறண்ட மாவட்டங்களிலிருந்து வந்த உழைப்பாளரை நம்பியே வளர்ந்தது. மன்னார்க் கரையில் இறங்கிக் காடு வழியே மாத்தளை நோக்கி நடந்த அம்மக்களுட் பலர் பசியாலும் கொள்ளைநோயாலும் வழியிலேயே மாண்டனர். கங்காணி கொடுத்த முன்பணம் கடனாயிற்று. கடன் தீர்ந்ததென்று காட்டும் ‘துண்டு’ இன்றி ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குச் செல்ல முடியாதென்ற நிலை 1921ஆம் ஆண்டு வரை நீடித்தது. சாதியமைப்பும் அவர்களோடு கடல் கடந்தது. கங்காணி பெரும்பாலும் சாதியில் உயர்ந்தவனாகவும், அவனாற் கொணரப்பட்டோரிற் பெரும்பாலார் ஒடுக்கப்பட்ட சாதியினராகவும் இருந்தனர். லயங்களின் ஒதுக்கீட்டிலேயே இவ்வேறுபாடு காணப்பட்டது.

இக்காலத்துக்குரிய இரு வகைப் பாடல்களை ஒப்புநோக்குதல் பயனுடைத்து. ஒன்று, 1869இல் வெளிவந்த ஆபிரகாம் ஜோசப்பின் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’. கோப்பித் தோட்டத்தின் அமைப்பையும் வேலைமுறைகளையும் கும்மி வடிவில் விளக்கும் இந்நூல், வடிவத்தால் மக்களுடையது, நோக்கால் நிருவாகத்தினுடையது. உழைப்பு எவ்வாறு ஒழுங்குபடுத்தப்பட வேண்டும் என்பதே அதன் அக்கறை. அதே 1869ஆம் ஆண்டிலேதான் கோப்பியை அழித்த இலை நோய் இலங்கையிற் காணப்பட்டது என்பது வரலாற்றின் முரண்நகை. மற்றையது, தொழிலாளர் தாமே பாடிய வாய்மொழிப் பாடல்கள். மடக்கொம்பரைத் தோட்டத்திற் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்ற ஸி.வி. வேலுப்பிள்ளை இவற்றைத் தொகுத்து ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்னும் நூலாகத் தந்தார். ஊரை விட்ட ஏக்கம், வழியில் இழந்த உறவு, கங்காணியின் கொடுமை, கணக்கப்பிள்ளையின் வஞ்சகம், கொழுந்து நிறுக்கும் தராசின் பொய் ஆகியன இவற்றின் பொருள்.

இவ்வாய்மொழிப் பாடல்களின் வலிமை அவற்றின் அனுபவ நெருக்கத்தில் உள்ளது. கச்சேரி அறிக்கையில் மரண வீதமாக இருப்பது பாட்டில் ஒரு தாயின் மரணமாக நிற்கின்றது. அவற்றின் எல்லையையும் நாம் மறைத்தல் கூடாது. கொடுமை செய்பவன் பாட்டிலே கங்காணியாகத் தோற்றுகின்றான். கங்காணிக்குப் பின்னால் உள்ள கம்பனியும், கம்பனிக்குப் பின்னால் உள்ள இலண்டன் சந்தையும் தோற்றுவதில்லை. அனுபவம் உண்டு, அதன் காரண காரியத் தொடர்பு புலப்படுவதில்லை. இது பாடியவரின் குறை அன்று. எதிரியை முழுமையாகக் காண்பதற்கு அமைப்பு ரீதியான போராட்டம் வேண்டும். அது அப்போது தோன்றியிருக்கவில்லை.

3

அமைப்பு வந்தபோது பாட்டும் மாறியது. தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர் கொழும்பிலே ஏ.ஈ. குணசிங்காவுடன் இணைந்து தொழிற்சங்கப் பணியாற்றி, பின் அவருடன் முரண்பட்டு, 1931இல் தோட்டத் தொழிலாளருக்கெனத் தனிச் சம்மேளனம் ஒன்றை நிறுவினார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மை பாட்டுப் பிரசுரங்களை எழுதி அச்சிட்டுக் கூட்டங்களிலே பாடினார். கூலிக் குறைப்பு, குடியேறியோர்க்கு எதிரான இனவாதப் பிரசாரம், உரிமை மறுப்பு முதலியன இப்பாடல்களின் பொருளாயின. மக்கள் அறிந்த மெட்டு, அச்சிட்ட பிரசுரம், கூட்டத்தின் மேடை என்னும் மூன்றும் இங்கே ஒன்று சேர்வதைக் காணலாம். புலம்பலாக இருந்த பாட்டு வாதமாக மாறிய கட்டம் இது எனலாம்.

1930களின் கொழும்பு இவ்வளர்ச்சியின் மற்றொரு களமாகும். தெஹிவளையிலிருந்து காலி வீதி வழியே வடக்கு நோக்கி நடந்தால் வருவது வெள்ளவத்தை. அங்கிருந்த நூற்பு நெசவாலை அன்று நாட்டின் மிகப் பெரிய துணி ஆலை. சுமார் 1,400 தொழிலாளர் வேலை செய்தனர். அவர்களுட் பெரும்பாலார் இந்தியாவிலிருந்து வந்தவர், குறிப்பாக மலையாளிகள். 1933 தொடக்கத்திற் கூலிக் குறைப்பை எதிர்த்து அவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, ஒரு காலத்திற் கொழும்புத் தொழிலாளரின் ஒப்பற்ற தலைவராயிருந்த குணசிங்கா வேலைநிறுத்தத்துக்கு எதிரான நிலையை எடுத்தார். மலையாளிகளுக்கு எதிரான உணர்வும் தூண்டப்பட்டது. கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இளம் இடதுசாரிகள் வேலைநிறுத்தக்காரர் பக்கம் நின்றனர். 1935இல் லங்கா சமசமாசக் கட்சி உருவாவதற்கு வழிவகுத்த நிகழ்ச்சிகளுள் இதுவும் ஒன்று. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிக்கு இரையானபோதும் அவ்விடதுசாரிகளே முன்னின்று குரல் கொடுத்தனர்.

இன்று அந்த ஆலை இல்லை. அதன் நிலத்தில் உயர்ந்த மாடிக் குடியிருப்புகள் எழுந்து நிற்கின்றன. அவ்வழியே நாள்தோறும் செல்லும் நம்மவர்க்கு 1933 ஒரு வெற்றெண். ஒரு நகரத்தின் உழைப்பு வரலாறு நிலத்தின் விலையோடு சேர்ந்து எவ்வாறு அழிக்கப்படுகின்றது என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

4

தமிழகத்தில் இதற்கு இணையான நிலம் வடசென்னை. பெரம்பூரில் இருந்த பக்கிங்காம் கர்நாட்டிக் ஆலைகளின் தொழிலாளரை மையமாகக் கொண்டே 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. 1921இல் நடந்த பெரும் வேலைநிறுத்தத்தின்போது ஆதிதிராவிடத் தொழிலாளரிற் பலர் வேலைக்குத் திரும்பியமையும், புளியந்தோப்பிலே குடிசைகள் எரிந்தமையும், துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தமையும் இந்தியத் தொழிற்சங்க வரலாற்றின் வேதனையான அத்தியாயங்கள். சாதியால் தனிமைப்படுத்தப்பட்ட தொழிலாளியிடம் வர்க்க ஒருமைப்பாட்டை எதிர்பார்த்த தலைமை, அவனது தனிமையைப் போக்க யாது செய்தது என்ற வினாவை அந்நிகழ்ச்சி எழுப்பியது. அவ்வினா இன்றும் தீரவில்லை.

அதே வடசென்னைக் குடியிருப்புகளில், மரண வீடுகளிலும் தெருமுனைகளிலும் வளர்ந்தது கானா. பறையும் சட்டியும் அதன் துணை. மேட்டுக்குடிச் சபாக்கள் இசையென ஏற்காத இவ்வடிவத்தை நடுவில் வைத்து 2017இன் இறுதியில் உருவானதே காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு. திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் தென்மாவும் இதனை ஒழுங்கமைத்தனர். 2018 ஜனவரி 6ஆம் நாள் சென்னை கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் அதன் முதல் நிகழ்ச்சி நடந்தது. கானாப் பாடகர், பறைக் கலைஞர், றப் பாடுவோர், கித்தார் வாசிப்போர் எனப் பத்தொன்பது பேர் மேடையேறினர். குழுவின் பெயரே ஒரு வரலாற்றுக் குறிப்பு: ‘சாதிபேதமற்ற’ என்னும் அடைமொழியைத் தம் மக்களுக்கு உரியதாக்கிய அயோத்திதாசப் பண்டிதரிடமிருந்து (1845-1914) அது பெறப்பட்டது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு காலம் பாடநூல்களாற் புறக்கணிக்கப்பட்ட ஒரு சிந்தனையாளரின் சொல், இளைஞர் திரண்ட மைதானத்தில் ஓர் இசைக்குழுவின் பெயராக ஒலித்தது.

இக்குழுவினர் இட ஒதுக்கீடு, மாட்டிறைச்சி, அம்பேத்கர், வடசென்னை வாழ்வு முதலியவற்றைப் பொருளாக்கினர். திரைப்படக் கம்பனிகளின் ஆதிக்கத்துக்கு வெளியே நின்று தமிழிலே சமூக வரலாற்றைப் பாட முடியும் என்பதை அவர்கள் காட்டினர். சிலியிலே, 1907 டிசம்பரில் இக்கீக்கே நகரிற் கொன்றுகுவிக்கப்பட்ட வெடியுப்புச் சுரங்கத் தொழிலாளரை, லூயிஸ் அத்விஸ் அமைத்த இசைக்கோவையின் வாயிலாகக் கிலாபயுன் என்னும் குழு 1970இல் உலகறியச் செய்தது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அதிகார வரலாறு மறைத்ததை ஓர் இசைக்குழு மீட்டது. சென்னைக் குழுவின் முயற்சியை இவ்வுலகளாவிய மரபின் ஓர் அங்கமாகக் காண்பதே பொருத்தமாகும்.

ஒரு வேறுபாட்டையும் சுட்டவேண்டும். இக்கீக்கே இசைக்கோவை ஒரு குறித்த நிகழ்ச்சியை, அதன் காரணங்களோடு, தொடக்கம் முதல் முடிவு வரை கூறுகின்றது. அதன் பின்னால் வலுவான தொழிலாளர் இயக்கம் இருந்தது. சென்னைக் குழுவின் பின்னால் இருந்தது பண்பாட்டு எழுச்சி, தொழிற்சங்கம் அன்று. எனவே அதன் பாடல்களில் அடையாளமும் சுயமரியாதையும் கூர்மையாக ஒலிக்க, கூலியும் உற்பத்தியும் ஒப்பீட்டளவில் மெலிந்தே ஒலிக்கின்றன. இதனைக் காட்டி அக்குழுவைக் குறை கூறும் மார்க்சியர், 1921இன் புளியந்தோப்பை ஒருகணம் நினைத்தல் நன்று. சாதியைப் பாடாத தொழிற்சங்கமே சங்கத்தைப் பாடாத இசைக்குழுவுக்கு வழிவிட்டது.

5

அக்குழுவின் பாடகர்களுள் ஒருவரே அறிவு. பாட்டி வழியாக அவர் பெற்ற நினைவு 1964 அக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தோடு தொடர்புடையது. இதன் முன்வரலாற்றைச் சுருக்கமாகவேனும் கூறுதல் அவசியம். 1947இன் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. வேறு பல தொகுதிகளிலும் தோட்டத் தொழிலாளரின் வாக்குகள் இடதுசாரிகளுக்குக் கிட்டின. அடுத்த ஆண்டே, 1948இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றவர்களாக்கியது. 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964 ஒப்பந்தம் 9,75,000 மக்களைக் கணக்கிற் கொண்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு; எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. பிரிக்கப்பட்டோரிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை. தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பலேறியவர்களில் ஒரு பகுதியினர் நீலகிரியில் தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டங்களிற் குடியமர்த்தப்பட்டனர். கோப்பிக் காலத்திலே பாட்டன் நடந்த வழியைப் பேரன் எதிர்த்திசையிற் கடந்து, மீண்டும் தேயிலைச் செடியின் முன்னேயே நின்றான்.

இப்பெரும் பெயர்வைப் பற்றிய நினைவு ‘என்ஜாய் எஞ்சாமி’யில் ஒப்பாரியின் சாயலோடும் தாளத்தின் துள்ளலோடும் வெளிப்படுகின்றது. ‘என் சாமி’ என்னும் விளி, ஆண்டையை நோக்கிக் கூலியாள் சொன்னதாகவும், பேரனை நோக்கிப் பாட்டி சொன்னதாகவும் இருபொருள் தரவல்லது. அடிமைச் சொல் அன்புச் சொல்லாகத் திருப்பப்பட்டமை இப்பாடலின் சிறப்பான கலைச் சாதனை. ஆனால் பாடலைக் கேட்பவர்க்கு 1964 தெரியாது, 1948 தெரியாது. நிலத்தை உருவாக்கியவன் நிலமற்றவனான கதை, இயற்கையையும் முன்னோரையும் போற்றும் பொதுவான கொண்டாட்டமாகக் கேட்கப்பட்டது. வாய்மொழிப் பாடல்கள் பற்றி நாம் முன்னர் கூறிய எல்லை இங்கும் வேறுவகையில் வெளிப்படுகின்றது: அனுபவம் கடந்து வந்துள்ளது, காரணம் வழியில் உதிர்ந்துவிட்டது.

இதற்குப் பாடலின் விநியோக முறையும் ஒரு காரணம். மீனாட்சியம்மையின் பாட்டுப் பிரசுரம் கூட்டத்தில் விற்கப்பட்டது. பாட்டின் பின் பேச்சு இருந்தது, பேச்சின் பின் சங்கம் இருந்தது. யூடியூப்பில் வரும் பாட்டின் பின் மற்றொரு பாட்டே வருகின்றது. மேலும், பண்டமாகிவிட்ட பாட்டு உரிமைப் பிரச்சினையைத் தவிர்க்க முடியாது. 2022 ஜூலை 28இல் சென்னையில் நடந்த சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவிலே அறிவு இல்லாமல் இப்பாடல் பாடப்பட்டபோது, பாட்டின் ஆக்கத்தில் தம் பங்கை வலியுறுத்தி அவர் அறிக்கை வெளியிட்டார். உடன் பாடிய தீயும் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனும் தத்தம் விளக்கங்களை வெளியிட்டனர். 2024 மார்ச்சில், பல கோடித் தடவை கேட்கப்பட்ட அப்பாடலிலிருந்து தமக்கு வருவாய் எதுவும் கிட்டவில்லை என்று இசையமைப்பாளர் பகிரங்கமாகக் கூறினார். இவர்களுள் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பளிப்பது நம் வேலையன்று. நிலத்தைப் பண்படுத்தியவனுக்கு நிலம் இல்லை என்று பாடிய பாட்டுக்கே, விளைச்சல் யாருக்கு என்ற வினா எழுந்தமையைக் குறித்துக்கொண்டாற் போதும்.

6

இறுதியாக, நம்மை நோக்கியும் ஒரு வினாவை எழுப்ப வேண்டியுள்ளது. 1933இல் வெள்ளவத்தை ஆலை வாயிலில் புலம்பெயர்ந்த தொழிலாளியோடு நின்றது இந்நாட்டின் இடதுசாரி இயக்கம். 1948இன் குடியுரிமைச் சட்டத்தை அது எதிர்த்து வாக்களித்தது. ஆனால் 1964 ஜூனில் லங்கா சமசமாசக் கட்சியின் பெரும்பான்மையினர் கூட்டரசாங்கத்திற் சேர்ந்து, என்.எம். பெரேரா நிதியமைச்சராக இருந்த வேளையிலேயே, அக்டோபரில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. வடக்கின் தமிழ்த் தலைமையும் குற்றமற்றதன்று. மலையக மக்களின் உரிமைப் பிரச்சினை தமிழ்க் காங்கிரசைப் பிளந்து 1949 டிசம்பரிலே தமிழரசுக் கட்சி தோன்றக் காரணமாயிற்றாயினும், அம்மக்கள் அதன் அரசியலின் மையத்துக்கு வரவேயில்லை. இவற்றை எழுதவேண்டியவர்கள் நாம். நாம் எழுதத் தயங்கிய இடத்திலேதான் ஒரு பாட்டியின் நினைவு, கடல் கடந்து, தலைமுறை கடந்து, ஒரு பாட்டாக நம் தெருவுக்கே திரும்பி வந்தது.

பாட்டு வரலாற்றுக்கு மாற்றாகாது. ஆயினும் வரலாறு எழுதப்படவில்லை என்பதை அது நமக்கு உரத்துச் சொல்கின்றது. தோட்டங்களிலே விடிகாலையில் ‘பிரட்டு’க்கு ஆட்களை எழுப்பியது தப்பின் ஓசை, அதே தப்பு காமன் கூத்திலும் மரண ஊர்வலத்திலும் அம்மக்களின் சொந்தக் குரலாயிற்று. துரை கட்டளையிட அடித்த தோற்கருவியைத் தொழிலாளர் தமக்காக அடித்துக்கொண்டனர். ஆய்வு என்னும் கருவியை நாமும் அவ்வாறே கைமாற்றல் வேண்டும். 1964இல் பிரிந்த குடும்பங்களின் வாய்மொழிச் சான்றுகள், அவற்றைச் சொல்லக்கூடியவர் உயிரோடிருக்கும்போதே, மலையகத்திலும் நீலகிரியிலும் தொகுக்கப்பட வேண்டும். வெள்ளவத்தை ஆலைத் தொழிலாளரின் பெயர்கள் தேடப்பட வேண்டும். முல்லோயாக் கோவிந்தனின் பெயர் பாடநூலில் இடம்பெற வேண்டும். பல்கலைக்கழகங்களின் தமிழ்ச் சங்கங்கள் மேற்கொள்ளத்தக்க பணி இது. அப்பணி நடந்தால், அடுத்த தலைமுறையிற் பாட வருவோர்க்கு ஆண்டும் காரணமும் கைவசம் இருக்கும். கேட்டு ஆடுவோர்க்குத் தாம் எதற்கு ஆடுகின்றோம் என்பதும் தெரியும்.